பட்டா இல்லாத விடுதலை: அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு என்ன நடந்தது?

1865 அக்டோபர். தென் கரோலினா மாநிலத்தின் கடலோரத்தில் எடிஸ்டோ என்று ஒரு தீவு. அங்கே ஒரு தேவாலயத்தில் கூட்டம் நெருக்கியடிக்கிறது, மாடியிலும் ஆட்கள். போர் முடிந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வந்திருப்பவர்கள் எல்லோரும் கொஞ்ச நாள் முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். அவர்கள் முன்னால் ஜெனரல் ஆலிவர் ஹவர்ட் நிற்கிறார். அவருக்கு வலது கை கிடையாது, 1862இல் போர்க்களத்தில் போய்விட்டது. அடிமை முறையை மனதார வெறுத்த மனிதர். ஆனால் அன்று அவர் சொல்ல வந்த செய்தி இது: உங்களுக்கு அரசு ஒதுக்கிய நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி அதிபர் உத்தரவிட்டிருக்கிறார்.

கூட்டம் கொந்தளித்தது. ஒரு பெண் துயரப் பாட்டு ஒன்றை எடுத்துப் பாட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாடியிலிருந்து ஒருவர் உரத்த குரலில் கேட்டார்: அரசுக்கு எப்போதும் உண்மையாக இருந்த எங்களிடமிருந்து பிடுங்கி, எப்போதும் எதிரியாக இருந்தவர்களுக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? ஹவர்ட் பிற்காலத்தில் தன் வாழ்க்கையை எழுதியபோது இந்தக் கேள்வியை மறக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

இந்தக் கூட்டம் நடந்த 1865 தொடங்கி 1877 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளை அமெரிக்க வரலாற்றில் 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்பார்கள். தமிழில் மறுகட்டமைப்புக் காலம் எனலாம். லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்று பள்ளியில் படித்திருப்போம். பாடம் அதோடு முடிந்துவிடும். விடுதலையான மறுநாள் காலையில் அந்த மனிதர் எங்கே போனார், என்ன சாப்பிட்டார், யாரிடம் வேலைக்குச் சேர்ந்தார் என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த மறுநாளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1860இல் அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகள். லிங்கன் அதிபர் தேர்தலில் வென்றதும், அடிமை முறைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று 11 தென் மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்தன. 1861 ஏப்ரலில் தொடங்கிய போர் 1865 ஏப்ரலில் தெற்கின் தோல்வியோடு முடிந்தது. இரு தரப்பிலும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் செத்தார்கள். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும்தான் பொருந்தும். லிங்கன் பக்கம் நின்ற கென்டக்கி போன்ற மாநிலங்களில் அடிமை முறை அப்படியே இருந்தது. நாடு முழுவதும் அதற்குச் சட்டப்படி முடிவு கட்டியது 1865 டிசம்பரில் நிறைவேறிய 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம். அதைப் பார்க்க லிங்கன் இல்லை. போர் முடியும் தறுவாயில், ஏப்ரல் 14 அன்று அவரைச் சுட்டுவிட்டார்கள்.

விடுதலை வந்ததும் மக்கள் முதலில் செய்தது என்ன தெரியுமா? நடந்தார்கள். ஏலத்தில் விற்றுப் பிரிக்கப்பட்ட மனைவியை, பிள்ளையை, தாயைத் தேடி ஊர் ஊராக நடந்தார்கள். 'என் அம்மா பெயர் இது, இன்னாரிடம் இருந்தோம், இன்ன ஊரில் விற்றார்கள், யாராவது பார்த்தீர்களா' என்று பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்தும் இந்த விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. அடிமைகளின் திருமணம் சட்டப்படி செல்லாது என்பதால், இருபது முப்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த தம்பதியரெல்லாம் வரிசையில் நின்று திருமணத்தைப் பதிவு செய்தார்கள். அடிமைக்குப் படிப்பு சொல்லிக் கொடுப்பது தெற்கின் பல மாநிலங்களில் குற்றமாக இருந்தது. இப்போது பாட்டியும் பேரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள்.

இவற்றுக்கெல்லாம் உதவ 1865 மார்ச்சில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஓர் அமைப்பை உருவாக்கியது. பெயர் 'ஃப்ரீட்மென்ஸ் பியூரோ', விடுவிக்கப்பட்டோர் நல அலுவலகம். அதன் தலைவர்தான் நாம் எடிஸ்டோவில் பார்த்த ஹவர்ட். உணவு, மருத்துவம், பள்ளிக்கூடம், கூலி ஒப்பந்தம், வழக்கு என்று எல்லாம் அதன் தலையில் விழுந்தன. போதுமான ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆனாலும் 1870க்குள் 4,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அது கை கொடுத்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் படித்தார்கள். இந்தக் காலத்தின் மிகப் பெரிய சாதனை எது என்று என்னைக் கேட்டால், இந்தப் பள்ளிகளைத்தான் சொல்வேன்.

மக்கள் இன்னொன்றும் கேட்டார்கள். அதுதான் நிலம்.

நிலம் வந்த விதமும் போன விதமும்

1865 ஜனவரி 12 அன்று, போர் இன்னும் முடியாத நேரம், ஜார்ஜியாவின் சவானா நகரில் ஒரு சந்திப்பு நடந்தது. ஒரு பக்கம் போர்த் தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும். மறுபக்கம் கறுப்பினச் சமயத் தலைவர்கள் 20 பேர். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃபிரேசியர், 67 வயது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு 1,000 டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தன்னையும் தன் மனைவியையும் விலைக்கு வாங்கி விடுவித்துக்கொண்டவர். அடிமைத்தனம் என்றால் என்ன என்று கேட்டார்கள். மீற முடியாத பலத்தால், சம்மதம் இல்லாமல் ஒருவனின் உழைப்பை இன்னொருவன் வாங்கிக்கொள்வது என்றார். உங்களை நீங்களே பார்த்துக்கொள்ள என்ன வேண்டும்? நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பயிரிட வேண்டும் என்றார்.

நான்காம் நாள் ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் தொடங்கி ஃபுளோரிடா வரை, கடலோரத் தீவுகளும் பண்ணையார்கள் விட்டுவிட்டு ஓடிய நெல் வயல்களும் விடுதலை பெற்றவர்களுக்கு. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. ஷெர்மனுக்குக் கறுப்பினத்தவர் மேல் பெரிய அன்பு ஒன்றும் கிடையாது. தன் படையின் பின்னால் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்த மக்களை எங்காவது குடியமர்த்தியாக வேண்டும் என்பதுதான் அவர் கவலை. காரணம் எதுவானாலும், சில மாதங்களில் சுமார் 40,000 பேர் நான்கு லட்சம் ஏக்கரில் குடியேறினார்கள். படையில் உழைத்துத் தேய்ந்த கோவேறு கழுதைகளும் சிலருக்குக் கிடைத்தன. 'நாற்பது ஏக்கரும் ஒரு கழுதையும்' என்று இன்றும் அமெரிக்காவில் சொல்வது இதைத்தான்.

ஆனால் அந்த உத்தரவில் ஒரு ஓட்டை. அது கொடுத்தது அனுபவ உரிமை மட்டும். நம் ஊர் வழக்கில் சொன்னால், நிலம் கொடுத்தார்கள், பட்டா கொடுக்கவில்லை. பட்டா இல்லாத நிலம் எவ்வளவு நாளைக்கு என்று நமக்குத் தெரியாதா?

லிங்கனுக்குப் பிறகு அதிபரானவர் ஆண்ட்ரூ ஜான்சன். வட கரோலினாவில் ஏழையாகப் பிறந்து, டென்னஸியில் தையல் தொழில் செய்து மேலே வந்தவர். பணக்காரப் பண்ணையார்களைப் பிடிக்காது. ஆனால் கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமாக வருவது அவருக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. 1865 மே மாதம் தெற்கத்தியர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள், கிளர்ச்சி அரசின் உயர் அதிகாரிகள் போன்றவர்கள் மட்டும் தனித்தனியே மனுக் கொடுத்து மன்னிப்பு வாங்க வேண்டும் என்றார். கேட்டவர்களுக்கு ஆயிரக்கணக்கில் மன்னிப்பு வழங்கினார். மன்னிக்கப்பட்டவருக்கு அடிமைகள் தவிர மற்ற சொத்தெல்லாம் திரும்பக் கிடைக்கும். எடிஸ்டோ போன்ற தீவுகளின் நிலம் இப்படித்தான் பழைய கைக்குப் போனது.

அந்தத் தீவு மக்கள் ஹவர்டுக்கு ஒரு மனு எழுதினார்கள். நில முதலாளிகளை மன்னித்துவிடுங்கள் என்று அவர் அறிவுரை சொல்லியிருந்தார். அதற்கு அவர்கள் எழுதிய பதிலின் கருத்து இது: நீங்கள் போரில் வலது கையை மட்டும்தான் இழந்தீர்கள், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவன், என் தாயையும் என் உடன்பிறந்தவளையும் துணியை உருவி அடித்தவன், தன் காலிக் குடிசையில் நான் தங்க வேண்டுமானால் தன் பயிரைத் தான் சொல்லும் கூலிக்கே நான் வைக்க வேண்டும் என்பவன், எனக்குச் சொந்த நிலம் இருந்தால் அவன் பக்கமே போகமாட்டேன் என்று தெரிந்து மற்றவர்களோடு கூட்டுச் சேர்ந்து நிலம் கிடைக்காமல் செய்பவன், அந்த மனிதனை என்னால் மன்னிக்க இயலாது.

அந்தக் கடைசிக் காரணத்தை மறுபடி படித்துப் பாருங்கள். சொந்த நிலம் இருந்தால் பழைய எஜமானிடம் போக வேண்டியதில்லை. அதனால்தான் நிலம் கொடுக்கமாட்டேன் என்கிறான். நிலம் போனால் பிற உரிமைகளுக்கு என்ன கதி வரும் என்பதை, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத தலைமுறை அந்த 1865லேயே எழுதி வைத்துவிட்டது.

ஒரு விதிவிலக்கு உண்டு. எடிஸ்டோவுக்குத் தெற்கே போஃபர்ட், செயின்ட் ஹெலினா தீவுப் பகுதி. போர் தொடங்கிய 1861லேயே வடக்கின் கடற்படை அதைப் பிடித்துவிட்டது. வரி கட்டாத நிலங்களைச் சட்டப்படி ஏலம் விட்டார்கள். கையில் இருந்த காசைக் கூட்டுச் சேர்த்துக் கறுப்பினத்தவர் சிலர் அந்த ஏலத்தில் நிலம் வாங்கினார்கள். அங்கே கிரயப் பத்திரம் இருந்தது. அதனால் ஜான்சனின் மன்னிப்பால் அந்த நிலத்தைத் தொட முடியவில்லை.

பழைய வீடு, புதுக் கதவு

நிலம் இல்லாதவர்களைப் பழைய பண்ணைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைத் தென் மாநிலச் சட்டமன்றங்கள் 1865 முடிவதற்குள் தொடங்கிவிட்டன. 'பிளாக் கோட்ஸ்' எனப்படும் கறுப்பினத்தவர் சட்டங்கள் வந்தன. மிசிசிப்பியில் ஒவ்வொரு ஜனவரியிலும் தனக்கு வேலை இருக்கிறது என்பதற்கு எழுத்து ஆதாரம் காட்ட வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேலையை விட்டால் அதுவரை உழைத்த கூலி போய்விடும். அப்படி விட்டுப் போனவரை யார் வேண்டுமானாலும் பிடித்துக் கொண்டுவரலாம். பிடிப்பவருக்கு 5 டாலரும் மைலுக்கு 10 சென்ட்டும். வேலையில்லாமல் 'சுற்றித் திரிந்தால்' அபராதம். கட்ட முடியாவிட்டால் அந்த அபராதத்தைக் கட்டுபவரிடம் வேலை செய்து கழிக்க வேண்டும். பெற்றோரால் காப்பாற்ற முடியாத பிள்ளைகள் என்று நீதிமன்றம் முடிவு செய்தால், தொழில் பழகும் பெயரில் பழைய எஜமானுக்கே முன்னுரிமை கொடுத்து ஒப்படைக்கலாம். தென் கரோலினாவில் விவசாயம், வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்ய ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும்.

வடக்கில் இருந்தவர்களுக்குக் கோபம் வந்தது. மூன்றரை லட்சத்துக்கு மேல் நம் பிள்ளைகளைச் சாகக் கொடுத்தது இதற்கா என்று கேட்டார்கள். அதோடு இன்னொரு கணக்கும் இருந்தது. புதிதாகப் படிப்பவர்கள் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். பழைய அரசியல் சட்டப்படி, நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரிக்கும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகத்தான் மக்கள்தொகையில் சேர்ப்பார்கள். அடிமை முறை ஒழிந்ததும் எல்லோரும் முழு ஆளாகக் கணக்கில் வருவார்கள். அவர்களுக்கு ஓட்டு கொடுக்காமலே, அவர்கள் தலையை எண்ணித் தெற்குக்கு முன்பைவிட அதிக இடங்கள் கிடைக்கும். போரில் தோற்றவர்கள் முன்பைவிடப் பலத்தோடு டெல்லிக்குப் போவதுபோல, வாஷிங்டனுக்குத் திரும்பி வருவார்கள். 1865 டிசம்பரில் வந்த தென் மாநில உறுப்பினர்களை உட்காரவிடாமல் காங்கிரஸ் திருப்பி அனுப்பியது. கிளர்ச்சி அரசின் துணை அதிபராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸையே அடுத்த மாதம் ஜார்ஜியா மாநிலம் காங்கிரஸின் மேலவையான செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது என்றால் தெற்கின் மனநிலையைப் புரிந்துகொள்ளலாம்.

அப்போது காங்கிரஸில் பெரும்பான்மை லிங்கனின் குடியரசுக் கட்சிக்கு. இன்றைய அமெரிக்கக் கட்சிகளை வைத்து அன்றைய கட்சிகளைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அன்று கறுப்பினத்தவர் உரிமைக்காக நின்றது குடியரசுக் கட்சி. எதிர்த்தது ஜனநாயகக் கட்சி. குடியரசுக் கட்சியின் தீவிரப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பெரும் பண்ணைகளைப் பறிமுதல் செய்து குடும்பத்துக்கு 40 ஏக்கர் கொடுக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார். அவர் கட்சிக்காரர்களே ஒத்துக்கொள்ளவில்லை. தனிச் சொத்தில் கை வைக்க அவர்களுக்கும் பயம். 1868இல் இறந்தபோது, எல்லா இனத்தவரையும் புதைக்க இடம் தரும் சிறிய கல்லறைத் தோட்டத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். அந்தக் காரணத்தை அவர் கல்லறையிலேயே பொறித்திருக்கிறார்கள்.

நிலத்துக்கு ஒத்துக்கொள்ளாத காங்கிரஸ், சட்ட உரிமைகளில் துணிச்சலாக இறங்கியது. 1866இல் குடிமை உரிமைகள் சட்டம் கொண்டுவந்தது. ஜான்சன் மறுத்துக் கையெழுத்திடாதபோது மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அவரை மீறி நிறைவேற்றியது. நாளைக்கு வேறு காங்கிரஸ் வந்து இதை ரத்து செய்துவிட்டால்? அதற்காகத்தான் 14ஆவது திருத்தம், 1868இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன். எந்த மாநிலமும் முறையான சட்ட நடைமுறை இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது. சட்டங்களின் சமமான பாதுகாப்பை யாருக்கும் மறுக்கக் கூடாது. 1857இல் அதே நாட்டின் உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவர் இந்த நாட்டுக் குடிமக்களாகவே முடியாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. பதினோரு ஆண்டில் அது தலைகீழானது.

நம் இந்திய அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவைப் படித்தவர்களுக்கு 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' என்ற சொற்கள் பழக்கமானவை. அது இங்கிருந்துதான் நமக்கு வந்தது. எண்ணும் பதினான்காகவே அமைந்தது தற்செயல்.

1870இல் 15ஆவது திருத்தம்: இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்தது ஆகிய காரணங்களுக்காக ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது. 'பால்' என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. பெண்கள் இன்னும் ஐம்பது ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட பெண்கள் பலர் அன்று அடைந்த வேதனை நியாயமானது.

ஏறத்தாழ பத்து ஆண்டு

தெற்கில் ஓட்டு முதலில் வந்தது இந்தத் திருத்தத்தால் அல்ல. 1867 மார்ச்சில் காங்கிரஸ் டென்னஸி தவிர்த்த பத்து தென் மாநிலங்களை ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரித்தது. கறுப்பின ஆண்களும் ஓட்டுப் போட்டு, புதிய மாநில அரசியல் சட்டம் எழுதி, 14ஆவது திருத்தத்தை ஏற்றால்தான் மீண்டும் நாட்டில் சேர்க்க முடியும் என்றது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்கள் வாக்காளர்களாகப் பதிந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு சந்தையில் விலை பேசப்பட்ட மனிதர்கள்.

ஜான்சன் ஒவ்வொரு அடியிலும் முட்டுக்கட்டை போட்டார். 1868இல் அவரைப் பதவி நீக்க விசாரணைக்கு உள்ளாக்கினார்கள். செனட்டில் ஒரே ஒரு ஓட்டுக் குறைவால் தப்பினார்.

ராபர்ட் ஸ்மால்ஸ் என்பவரைப் பற்றிச் சொன்னால் இந்தக் காலம் இன்னும் தெளிவாகப் புரியும். போஃபர்ட்டில் அடிமையாகப் பிறந்தவர், கப்பல் ஓட்டத் தெரிந்தவர். 1862 மே 13 அதிகாலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிக்கொண்டிருந்த நேரம், சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து 'பிளான்டர்' என்ற ராணுவக் கப்பலை, தன் குடும்பத்தையும் சகாக்களின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் போனார். தலைவன் போடும் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோட்டைகளைத் தாண்டும்போது கொடுக்க வேண்டிய சங்கொலியைச் சரியாகக் கொடுத்து, வடக்கின் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். அதில் கிடைத்த வெகுமதிப் பணம் கையில் இருக்க, தன் பழைய எஜமானின் வீடே வரி ஏலத்துக்கு வந்தபோது அதை வாங்கினார். பழைய உரிமையின் பேரில் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம்வரை போய் ஸ்மால்ஸ் ஜெயித்தார். 1868இல் தென் கரோலினாவின் புதிய அரசியல் சட்டம் எழுதிய மாநாட்டில் அவர் உறுப்பினர். அந்த மாநாட்டில் பெரும்பான்மையே கறுப்பினத்தவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளி வேண்டும் என்று ஸ்மால்ஸ் முன்நின்று வாதாடினார். பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரானார்.

அவர் மட்டுமல்ல. 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினரானார். அதே ஆண்டு ஜோசப் ரெய்னி பிரதிநிதிகள் சபைக்குப் போனார். இந்தக் காலத்தில் 16 கறுப்பினத்தவர் காங்கிரஸில் இருந்தார்கள். உள்ளூர் நீதிபதி, ஷெரிஃப், பள்ளி ஆணையர் என்று சேர்த்தால் ஏறத்தாழ 2,000 பேர். இந்த அரசுகள் தெற்கில் முதன்முறையாக அரசுப் பள்ளி முறையைக் கொண்டுவந்தன. ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அதில்தான் படித்தார்கள்.

'படிக்காதவர்கள் கையில் ஆட்சி போய் ஊழல் பெருத்துவிட்டது' என்று பல தலைமுறைகளாக அமெரிக்கப் பாடநூல்களிலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஊழல் இருந்தது உண்மை. அதே காலத்தில் நியூயார்க் நகராட்சியில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஊழல் அதைவிடப் பெரிது. அதற்காக யாரும் வெள்ளையருக்கு ஓட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தப் பாடநூல் கதையை 1935இல் தன் பெரிய ஆய்வு நூலால் அடித்து நொறுக்கியவர் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ்.

பற்றுக் கணக்கு

ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? பண்ணையாரின் நிலத்திலிருந்து. பழையபடி கும்பலாக, சவுக்குக்குக் கீழே வேலை செய்ய மக்கள் மறுத்தார்கள். கூலி கொடுக்கப் பண்ணையாரிடம் ரொக்கம் இல்லை. கடைசியில் வந்து நின்ற ஏற்பாடு வாரச் சாகுபடி. நிலம், கலப்பை, கழுதை, விதை அவருடையவை, உழைப்பு இவர்களுடையது, விளைச்சலில் பெரும்பாலும் பாதிக்குப் பாதி. முதலில் இதை மக்கள் விரும்பித்தான் ஏற்றார்கள். மேற்பார்வையாளன் தலைமேல் நிற்கமாட்டான், குடும்பமாகச் சேர்ந்து உழைக்கலாம்.

சிக்கல் கடையில் இருந்தது. ஏப்ரலில் பருத்தி விதைத்தால் காசு பார்ப்பது டிசம்பரில். அதுவரை சோளமாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, துணி எல்லாம் கடையில் பற்றுக்கு வாங்க வேண்டும். கடைக்காரர் பல ஊர்களில் பண்ணையாரேதான். ரொக்கத்துக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை. பேரேடு அவர் கையில். அடமானம், இன்னும் முளைக்காத பயிர். வருடக் கடைசியில் பருத்தியை நிறுத்து, பங்கு பிரித்து, பற்றைக் கழித்தால், 'இந்த வருஷமும் கொஞ்சம் பாக்கி இருக்கே' என்ற பதில் வரும். பாக்கி இருந்தால் வேறு பண்ணைக்குப் போக முடியாது. கணக்குப் படிக்கத் தெரிந்த மகள் வீட்டில் இருந்தால் கேள்வி கேட்கலாம். பள்ளிக்கூடங்களை எரித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காவலர் போனபின்

எரித்தார்கள்தான். டென்னஸியின் புலாஸ்கியில் தோன்றிய கு கிளக்ஸ் கிளான் போன்ற ரகசியக் கும்பல்கள் இரவில் வந்து ஆசிரியர்களை, ஓட்டுப் போட்டவர்களை, சொந்த நிலம் வாங்கியவர்களை அடித்தன, கொன்றன. இதற்கு விடையே இல்லாமல் போகவில்லை. 1871இல் காங்கிரஸ் கிளானுக்கு எதிராகச் சட்டம் போட்டது. அதிபர் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்றவை) படை அனுப்பி நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்தார். கிளான் அடங்கிப் போனது. உறுதியாக நின்றால் வன்முறை அடங்கும் என்பதற்கு அந்த ஒரு ஆண்டே சாட்சி.

அந்த உறுதி நீடிக்கவில்லை. 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூயிசியானாவின் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரில், தேர்தல் முடிவைக் காக்க நீதிமன்றக் கட்டடத்தில் கூடியிருந்த கறுப்பினத்தவரை ஆயுதக் கும்பல் சூழ்ந்து கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்தவர்களையும் சுட்டார்கள். குறைந்தது அறுபது பேர், நூற்றைம்பதுவரை இருக்கலாம் என்றும் சொல்வார்கள். மத்திய நீதிமன்றத்தில் சிலர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 1876இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 14ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனி மனிதர்களை அல்ல என்று காரணம் சொன்னது. அப்படியானால் தனி மனிதர்களின் கொலையைத் தண்டிக்க வேண்டியது யார்? மாநில அரசு. அதே கும்பல்கள் பிடித்துக்கொண்டிருந்த மாநில அரசு.

அதே 1873இல்தான் மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் ஃபுலே, அடிமைத்தனம் பற்றி எழுதிய தன் மராத்தி நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்காவின் நல்ல மக்களுக்குக் காணிக்கையாக்கினார். கோல்ஃபாக்ஸ் செய்தி அவருக்கு எட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆண்டு பொருளாதார வீழ்ச்சியும் வந்தது. வடக்குக்குத் தன் கவலையே பெரிதாகிவிட்டது. 1876 அதிபர் தேர்தல் முடிவு தகராறில் சிக்கியது. தென் கரோலினா, ஃபுளோரிடா, லூயிசியானா மாநிலங்களின் எண்ணிக்கைதான் சச்சரவு. கடைசியில், மாநிலங்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவில் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் 185க்கு 184 என்று ஒரு ஓட்டில் அதிபரானார். 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூயிசியானா அரசு மாளிகைகளைக் காத்து நின்ற மத்தியப் படை முகாமுக்குத் திரும்பியது. எஞ்சியிருந்த மறுகட்டமைப்பு அரசுகள் சில நாட்களில் விழுந்தன.

அதன்பின் உரிமைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள், திருத்தங்களின் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல். இனத்தைச் சொல்லித்தானே ஓட்டை மறுக்கக் கூடாது? தலைவரி கட்டு என்றார்கள், அரசியல் சட்டத்தைப் படித்து விளக்கு என்றார்கள். விளக்கம் சரியா என்று சொல்பவர் வெள்ளை அதிகாரி. மிசிசிப்பி 1890இல் வழி காட்டியது. லூயிசியானாவில் 1896இல் ஒரு லட்சத்து முப்பதாயிரமாக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904இல் ஆயிரத்துச் சொச்சமானது. 13ஆவது திருத்தத்தில் 'குற்றத்துக்கான தண்டனையாக அல்லாமல்' என்று ஒரு விலக்கு இருக்கிறது. 1876இல் மிசிசிப்பி, பன்றி திருடினாலே பெருந்திருட்டு என்று சட்டம் மாற்றியது. பிடிபட்ட கைதிகளைப் பண்ணைகளுக்கும் ரயில் பாதை வேலைக்கும் வாடகைக்கு விட்டார்கள். அந்தத் திருத்தங்களுக்கு மீண்டும் உயிர் வந்தது 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பிலும் 1965இன் ஓட்டுரிமைச் சட்டத்திலும்.

1895இல் தென் கரோலினாவும் கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறிப்பதற்கென்றே ஓர் அரசியல் சட்ட மாநாடு கூட்டியது. 1868இல் பெரும்பான்மையாக இருந்த கறுப்பின உறுப்பினர்கள் இந்த முறை ஆறே பேர். அவர்களில் ஒருவர், தலை நரைத்த ராபர்ட் ஸ்மால்ஸ். ஆறு பேரில் ஐந்து பேர் வந்தது போஃபர்ட்டிலிருந்து. போர்க்காலத்து வரி ஏலத்தில் கிரயப் பத்திரத்தோடு நிலம் வாங்கியவர்கள் வாழ்ந்த அந்தக் கவுண்டியிலிருந்து. ஸ்மால்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார், தோற்றார். எழுதி முடித்த சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பினார். அதே பழைய எஜமானின் வீடு. 1915இல் சாகும்வரை அது அவருடையதாகவே இருந்தது.